திட்டம் முடியும் வயது

என் தொழிலில் யாரும் சாவதில்லை. திட்டம் முடியும், அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிற புருஷன் பெண்டாட்டியிடம் "நீங்கள் ரெண்டு பேரும் எப்போது சாவதாக உத்தேசம்?" என்று கேட்க முடியுமா? அதனால் நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அந்தக் கட்டத்துக்கு 'திட்டம் முடியும் வயது' என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கணவனுக்கு ஒரு கட்டம், மனைவிக்கு ஒரு கட்டம். நான் ஆண்களுக்குத் தொண்ணூற்றுமூன்று போடுவேன், பெண்களுக்குத் தொண்ணூற்றைந்து. எல்லோரும் அவ்வளவு நாள் இருந்துவிடப் போவதில்லை. ஆனால் பணம் தீர்ந்த பிறகு ஆள் இருப்பதைவிட, ஆள் போன பிறகு பணம் இருப்பது எவ்வளவோ மேல். இருபத்திரண்டு வருஷமாக இதையே சொல்லி எனக்கு நாக்குத் தடுக்குவதில்லை.

லைல் ஹாகன் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு வருஷம் இருந்து பார்த்தேன். சொன்னால் மானம் போகும் என்று பயம். சொல்லாமல் இருந்தபோதும் அது தினம் கொஞ்சம் போய்க்கொண்டுதான் இருந்தது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

டுலூத் நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், பல் டாக்டருக்கும் தூண்டில் கடைக்கும் நடுவில் என் அலுவலகம். லைலும் அவர் மனைவி நடீனும் முதல் தடவை வந்தது மே மாதத்தில். லைலுக்கு அறுபத்திரண்டு. கவுண்டியில், அதாவது மாவட்ட நிர்வாகத்தில், முப்பத்தோரு வருஷமாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். பனிக்காலம் முழுக்க இடுப்பைத் திருகி உட்கார்ந்து, பனியைத் தள்ளும் வலதுபக்கத் தகடு எங்கே உரசுகிறது என்று பார்த்தபடி ஓட்டி ஓட்டி, கழுத்தெலும்பு ரெண்டு தேய்ந்துவிட்டிருந்தது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். நடீனுக்கு அறுபத்தொன்று. ஆரம்பப் பள்ளிக்கூடச் சமையலறையின் தலைவி. அலுமினியத் தட்டு நிறைய, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் கொண்டுவந்திருந்தாள். முதல் சந்திப்பிலேயே கேக் கொண்டுவருகிறவர்களுக்கு நான் கெட்ட செய்தி சொல்ல நேர்வது வழக்கம்.

"அம்மா, எனக்கு மத்த கதையெல்லாம் வேணாம்," என்றார் லைல். "வர்ற குளிர்காலம் நான் ஓட்டணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். அவருடைய பென்ஷன், இருவருக்கும் அரசாங்கம் தரப்போகும் முதியோர் பணம், சேமிப்பு, வீடு, அறுபத்தைந்து வயது வரை தாங்களே கட்டவேண்டிய மருத்துவ இன்சூரன்ஸ். பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு அரைவட்டம், அதில் ஒரு முள். கார் வேகமானி மாதிரி. சிவப்பு, மஞ்சள், பச்சை.

"இது உங்க வாழ்க்கையை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கும்," என்றேன். "சந்தை ஏறினா, விழுந்தா, விலைவாசி கூடினா. ஆயிரத்துல எத்தனை தடவை கடைசிவரைக்கும் பணம் மிஞ்சுதுன்னு சொல்லும்."

"ஆயிரம் தடவையா? நான் ஒரு தடவைதான் வாழறதா இருந்தேன்."

"அந்த ஒரு தடவையே எனக்குப் போதும்போதும்னு ஆயிடுச்சு," என்றாள் நடீன்.

முள் நூற்றுக்கு அறுபத்துமூன்றில் நின்றது. மஞ்சள். எண்பதைத் தாண்டினால்தான் நான் யாரையும் வேலையை விடச் சொல்வேன். இன்னும் நாலு குளிர்காலம் ஓட்டினால் நல்லது என்றேன். லைல் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான், காலில் கோடாலி விழுந்தாலும் 'பரவாயில்லை' என்பார்கள். "நாலா," என்றார். பிறகு, "சரி, இருக்கட்டும்," என்றார். நடீன் அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் மறுபடி பார்ப்போம் என்று பேசிப் பிரிந்தோம்.

செப்டம்பர் நடுவில், ஒரு மத்தியானம் நடீன் போன் செய்தாள். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து. பின்னால் தட்டுகள் உருளும் சத்தம்.

"கார்லா, உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். லைலுக்குத் தெரியக்கூடாது."

"சொல்லுங்க."

"அவன் அப்பா அறுபத்தொம்பதுல போனார். அண்ணன் டேல் எழுபத்தொண்ணு. ரெண்டு பேருமே வீட்டு முன்னாடி பனி வாரிக்கிட்டிருக்கும்போதுதான். மார்பைப் புடிச்சுக்கிட்டு அப்படியே." குரலைத் தாழ்த்தினாள். "இவனும் அப்படிப் போயிட்டா நான் வீட்டை விக்கணுமா? தினம் அவன் பக்கத்துல படுத்துக்கிட்டு இதையே கணக்குப் போடறேன், கார்லா. புருஷன் குறட்டை விட்டுக்கிட்டிருக்கான், நான் அவனைப் பொதைச்சு முடிச்சு இன்சூரன்ஸ்காரனுக்குப் போன் பண்ணிக்கிட்டிருக்கேன். நான் என்ன ஜென்மம்?"

இந்தக் கேள்வி கேட்காத மனைவியை நான் பார்த்ததில்லை என்றேன். அது உண்மை. பிறகு அவள் போனில் இருக்கும்போதே லைலின் திட்டத்தைத் திறந்தேன்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. இப்படி ஒரு 'என்ன ஆகும்' கேள்வி வந்தால் முதலில் திட்டத்தை நகல் எடுக்க வேண்டும். நகலில் ஆளைக் கொல்லலாம், வேலையிலிருந்து தூக்கலாம், வீட்டைக் கொளுத்தலாம். அசலைத் தொடக்கூடாது. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். நான் நகல் எடுக்கவில்லை. ஒரு நிமிஷ வேலைதானே, பார்த்துவிட்டுத் திருப்பி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். தொண்ணூற்றுமூன்றை அழித்து எழுபத்தொன்று என்று அடித்தேன்.

முள் துள்ளிப் பச்சைக்குப் போனது. போகத்தானே செய்யும்? ஆயுள் இன்சூரன்ஸ் பணம் மொத்தமாகக் கைக்கு வருகிறது, ஒரு ஆளின் செலவு இருபத்திரண்டு வருஷத்துக்கு இல்லை. அந்த மென்பொருளைப் பொறுத்தவரை லைல் தன் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி சீக்கிரம் போய்ச்சேர்வதுதான்.

"நீங்க வீட்டை விக்க வேண்டியதில்ல, நடீன். உங்களுக்கு ஒரு குறையும் வராது."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி. நன்றி. இது நமக்குள்ள," என்று வைத்துவிட்டாள். அதே நேரம் தபால்காரர் கையெழுத்துக்கு வந்தார், அவரோடு ஏரியில் மீன் பிடிபடுகிறதா என்று பேசினேன், பிறகு சாண்ட்விச் சாப்பிடப் போனேன். மென்பொருள் தானாகவே சேமித்துக்கொள்ளும் ரகம். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

அக்டோபரில் வந்தார்கள். பெரிய திரையில் திட்டத்தைத் திறந்தேன். புதுக் கணக்குகளைப் போட்டு அழுத்தினேன். தொண்ணூற்றொன்று. நல்ல கரும்பச்சை.

எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. நடீன் வாயில் கை வைத்துக்கொண்டாள். லைல் மட்டும் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"மே மாசம் அறுபத்துமூணுன்னே. அஞ்சு மாசத்துல என்ன, பொதையலா எடுத்தோம்?"

இப்போது கவனியுங்கள். எண்ணைத் தப்பாக விட்டது கவனக்குறைவு. மனிதர்கள் செய்வதுதான். அதற்காக நான் இவ்வளவு வெட்கப்பட மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. 'தெரியலை லைல், ஒரு நிமிஷம் இருங்க, பார்த்துச் சொல்றேன்' என்று சொல்லியிருந்தால் போதும். இன்னொரு பக்கத்தைத் திறந்தால் அங்கேயே எழுபத்தொன்று உட்கார்ந்திருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ளவள், சுவரில் மூன்று சான்றிதழ் மாட்டியிருப்பவள், தன் திட்டம் தனக்கே புரியவில்லை என்று எப்படிச் சொல்வாள்?

"சந்தை நல்லா ஏறியிருக்கு," என்றேன். "கார்க் கடனையும் நீங்க முன்னாடியே அடைச்சிட்டீங்க. சின்னச் சின்ன மாத்தம்தான், லைல். சேர்ந்தா பெருசாத் தெரியும்."

எவ்வளவு அழகாகச் சொன்னேன் தெரியுமா? எனக்கே அது உண்மையாகப் பட்டது.

"அப்போ நான் ஓட்ட வேணாமா?"

"ஓட்ட வேணாம்."

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அதுதான் எங்கள் ஊர் ஆண்களின் ஆனந்தக் கண்ணீர்.

அந்த வாரமே கவுண்டியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அவர் வண்டியை ஒரு இளைஞனுக்குக் கொடுத்தார்கள். லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து. பன்றி இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பெரிய பாத்திரத்தில் காபி. பனி வண்டி படம் போட்ட கேக். லைல் என் தோளைப் பிடித்து ஊர்க்காரர்கள் முன்னால் நிறுத்தினார்.

"என்னை வீட்டுக்கு அனுப்பினது இந்தப் பொண்ணுதான். ஆயிரம் தடவை என்னை ஓட்டிப் பார்த்துட்டு, இனிமே ஓடாதுன்னு சொல்லிட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ரெண்டு துண்டு கேக் தின்றேன்.

நவம்பரில் முதல் பெரும்பனி விழுந்த காலை எட்டு மணிக்கு அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. ஜன்னல், அதற்கு வெளியே வெள்ளை, ஜன்னலோரம் புகையும் காபிக் கோப்பை, ஸ்டூல்மேல் கம்பளிக் காலுறை போட்ட ரெண்டு கால். ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. அதை நான் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

ஜனவரியில் எல்லோருக்கும் வருஷ அறிக்கை தயார்செய்ய வேண்டும். ஹாகன் தம்பதியின் அறிக்கையை அச்சடிக்கும் முன் வருஷவாரிப் பக்கத்தைப் பார்த்தேன். லைலின் பென்ஷன் ஒன்பதாவது வருஷத்தோடு பாதியாகக் குறைந்தது. எதற்குக் குறைய வேண்டும்? அதற்குக் கீழே ஆயுள் இன்சூரன்ஸ் என்று ஒரு பெரிய தொகை வரவு. அந்த வருஷத்துக்குப் பிறகு லைலின் செலவுகளுக்கு நேரே வெறும் கோடுகள்.

கட்டத்தைத் திறந்து பார்த்தேன். எழுபத்தொன்று.

 தொண்ணூற்றுமூன்றைப் போட்டு அழுத்தினேன். அறுபத்துநாலு. மஞ்சள். அந்த மனிதரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டேன், கேக்கும் தின்றுவிட்டேன்.

இதற்கடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் என்னைத் திட்டலாம். கதவைச் சாத்தினேன். விலைவாசி ஏற்றத்தைக் கால் சதவீதம் குறைத்தேன். முதலீட்டு வருமானத்தை அரை சதவீதம் கூட்டினேன். எண்பது வயதுக்குமேல் யார் ஊர்சுற்றப் போகிறார்கள் என்று பயணச் செலவை எடுத்தேன். பல் செலவைக் குறைத்தேன். முள் எழுபத்தெட்டு வரை வந்தது. லைலுக்குத் தொண்ணூற்றுமூன்று எதற்கு, எண்பத்தாறு போதாதா என்று அந்தக் கட்டத்தின்மேல் மறுபடி விரலைக் கொண்டுபோனேன். அப்போதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது. உயிரோடு இருக்கிற ஒரு மனிதரின் ஆயுளைப் பேரம் பேசி என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். எல்லாவற்றையும், அவர்களுக்குக் காட்டுவதற்காக அந்த எழுபத்தொன்றையும்கூட, பழையபடி மாற்றிவிட்டு நடீனுக்குப் போன் செய்தேன். ரெண்டு பேரும் வரவேண்டும், வியாழக்கிழமை பத்து மணிக்கு என்றேன்.

என்ன சொல்வது என்று புதன்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தேன். 'விரல் தவறிவிட்டது.' நடீன் போன் செய்த விஷயத்தை எடுக்கவே கூடாது. அவள் என்னிடம் நம்பிச் சொன்னது. விரல் தவறியது என்றால் போதும், அதில் பாதி உண்மைதானே?

வந்தார்கள். லைல் நல்ல நிறத்தில் இருந்தார். தூக்கம் நன்றாக வருகிறது என்று தெரிந்தது. நடீன் வாழைப்பழ ரொட்டி கொண்டுவந்திருந்தாள், இன்னும் சூடு ஆறவில்லை.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றேன். "அக்டோபர்ல காட்டின தொண்ணூத்தொண்ணு சரியில்ல. உங்க திட்டம் முடியற வயசு தொண்ணூத்துமூணுன்னு இருக்கணும், லைல். எழுபத்தொண்ணுன்னு இருந்திருக்கு. விரல் தவறிடுச்சு. உண்மையான நம்பர் அறுபத்துநாலு."

ரெண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். நடீன் முகம் வெளுப்பதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

லைல் நிதானமாக யோசித்தார். "திட்டம் முடியற வயசுன்னா, நான் சாவற வயசு."

"ஆமா."

"எழுபத்தொண்ணுல என்னை அனுப்பிட்ட."

"ஆமா. மன்னிக்கணும்."

"விரல் தவறி." தன் ரெண்டு பெரிய கைகளையும் மேஜைமேல் விரித்துப் பார்த்தார். "ஒம்பது ஏழாச்சு, சரி. மூணும் ஒண்ணாச்சா? ரெண்டு விரலும் சேர்ந்தா தவறும்? என்னம்மா, காலையிலேயே போட்டிருந்தியா?"

கேலிதான். கோபத்தைக்கூடக் கேலியாகத்தான் காட்டத் தெரியும் அவருக்கு. நான் சிரித்துவிட்டுத் தலைகுனிந்திருக்கலாம். குடிகாரி என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் வேலையை, என் கையை, என் மூன்று சான்றிதழையே கேலி செய்துவிட்டார்.

"நான் ஒண்ணும் கண்ணை மூடிட்டு அடிக்கல," என்றேன். "நடீன்தான் கேட்டாங்க. நீங்க டேல் மாதிரி போயிட்டா என்ன ஆகும்னு. அவங்க சொன்ன வயசைத்தான் போட்டேன்."

வாயிலிருந்து வார்த்தை வெளியேறிய அந்த விநாடி எனக்கு எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. தூக்கிக்கொண்டு நின்ற மூட்டையில் பாதியை இன்னொருத்தி தலையில் ஏற்றிவிட்ட நிம்மதி. அது ஒரு விநாடிதான். அடுத்த விநாடி நடீனைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ரொட்டியைச் சுற்றியிருந்த துணியின் ஓரத்தை மடித்து மடித்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

லைல் உடம்போடு அவள் பக்கம் திரும்பினார். "நீயா கேட்ட?"

"செப்டம்பர்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட எப்படிய்யா கேட்பேன்? 'லைல், கொஞ்சம் உருளைக்கிழங்கைத் தள்ளு, நீ எப்போ சாவே'ன்னா?"

"அப்போ அக்டோபர்ல இந்தப் பச்சையைப் பார்த்தப்போ உனக்குத் தெரியுமா? நான் சீக்கிரம் போனாத்தான் பச்சைன்னு?"

"அவங்களுக்குத் தெரியாது, லைல், அது முழுக்க என்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரும்மா," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

நடீனின் கண் நிறைந்தது, ஆனால் அவள் அழவில்லை. "நாப்பது வருஷம் ஒண்ணா இருந்துட்டு இதையா கேட்கற? போய்யா."

 பிறகு லைல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னார், "அந்த நம்பரை மாத்தாதே. எழுபத்தொண்ணாவே விட்டுடு."

"லைல், அது..."

"அது சரியான நம்பர்தாம்மா. எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் அதைத் தாண்டினதில்ல. நானும் எனக்குள்ள அதைத்தான் போட்டு வெச்சிருக்கேன். டேலைப் பொதைச்ச நாள்லேர்ந்து. இவளுக்குப் பச்சையா இருந்தா போதும். விட்டுடு."

நடீன் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"கார்லா, தொண்ணூத்துமூணு போடு."

"நடீன்..."

"போடுன்னு சொன்னேன். நான் பார்க்கணும்."

போட்டேன். அவர்கள் கண் முன்னால் முள் பச்சையிலிருந்து இறங்கி மஞ்சளில் நின்றது. அறுபத்துநாலு.

"இப்போ என் வேலை. வர்ற ஜூன்ல நிறுத்தறதாத்தானே இருக்கு? அறுபத்தேழுன்னு மாத்து."

எழுபத்துநாலு.

லைல் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னும் ஆறு வருஷமா? அந்தத் தட்டையெல்லாம் தூக்கிக்கிட்டா? உன் மணிக்கட்டு என்ன இரும்பா?"

"தூக்குவேன்."

"எனக்காகவா?"

"உனக்காக எவ தூக்குவா? அந்த முள்ளுக்காகத் தூக்கறேன்."

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.  பிறகு, "குளிர்காலத்துல ஆள் குறைஞ்சா கூப்பிடற லிஸ்ட் ஒண்ணு கவுண்டியில இருக்கு. ஒரு அஞ்சு வருஷத்துக்கு அதையும் போட்டுப் பாரு," என்றார்.

"வேணாம், லைல். உன் கழுத்து."

"நீ உன் மணிக்கட்டைப் பாரு, நான் என் கழுத்தைப் பார்த்துக்கறேன். போடும்மா."

எண்பத்திரண்டு. பச்சை.

யாரும் சந்தோஷப்படவில்லை. ஒருவர் வருஷத்துக்கு இன்னொருவர் விலை கொடுக்க, நான் நடுவில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எனக்கு அந்த அறையில் இருக்க என்ன யோக்கியதை என்று தோன்றியது. எழுந்து போகவும் வழியில்லை, அது என் அறை.

லைல் காரைச் சூடுபண்ண முன்னால் போனார். நடீனின் கோட்டை எடுத்து நீட்டினேன். அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"நடீன், என்னை மன்னிச்சிடுங்க."

"நம்பரைத் தப்பா விட்டதுக்கா? அது பரவாயில்ல. யாருக்கும் நடக்கறதுதான்."

"அதுக்கில்ல..."

"எதுக்குன்னு தெரியும்." ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தாள். குரல் உயரவே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையிடம் இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கேட்கிற குரல். "நாப்பது வருஷத்துல நான் அவன்கிட்ட மறைச்சது அந்த ஒரே கேள்விதான். நீ உன் மானத்தைக் காப்பாத்திக்க அதை எடுத்துக் கொடுத்துட்ட."

ரொட்டியை அவள் திருப்பி எடுத்துப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்யமாட்டார்கள். அது என் மேஜைமேல் மூன்று நாள் இருந்தது.

தலைமை அலுவலகத்துக்குத் தப்பை எழுதிக் கொடுத்தேன். அவர்களிடம் வாங்கிய கட்டணம் முழுவதையும் திருப்பி அனுப்பினேன். எங்கள் தொழிலில் தப்பு நடந்தால் ஈடு கட்டும் இன்சூரன்ஸ்காரர்களும் வக்கீலும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஹாகன் வீட்டிலிருந்து புகார் வரவில்லை. அவர்கள் கணக்கை வேறு யாரிடமோ மாற்றிக்கொண்டார்கள், அதையும் மரியாதையான ரெண்டு வரிக் கடிதத்தில்தான் சொன்னார்கள். நடீன் இன்னும் அந்தச் சமையலறையில் இருக்கிறாள். கடையில் எதிரே வந்தால் தலையசைப்பாள்.

கூப்பிடும் பட்டியலில் இருப்பவர்களுக்குப் பழைய வண்டியும் யாரும் விரும்பாத தடமும்தான் கிடைக்கும். ஏரியைச் சுற்றிப் போகிற வளைந்த கவுண்டி ரோடு அப்படி ஒரு தடம். நான் குடியிருப்பது அதில்தான்.

பிப்ரவரியில் ஒரு காலை ஏழரை மணி. ஒரு அடிக்குமேல் பனி. அலுவலகத்துக்குக் கிளம்பிக் கதவருகே பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். பனி தள்ளும் வண்டி போனால், வீட்டுப் பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பனி வரப்பு விழும். கல்லாக இறுகிவிடும். அதை உடைத்துத்தான் காரை வெளியே எடுக்க வேண்டும், அரைமணி நேர வேலை. வீட்டுக்கு வீடு நின்று தகட்டைத் திருப்ப எந்த ஓட்டுநருக்கும் நேரம் கிடையாது. திருப்பச் சொல்லி விதியும் இல்லை. வேண்டியவர் வீடாக இருந்தால் மட்டும் செய்வார்கள்.

வண்டி என் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தைக் குறைத்தது. தகடு கிறீச்சென்று மறுபக்கம் திரும்பியது. பனி முழுக்க எதிர்ப்பக்கப் பள்ளத்தில் போய் விழுந்தது. என் பாதைக்கு முன்னால் ஒரு கைப்பிடி பனிகூட இல்லை. வண்டிக்குள் உடம்போடு சேர்ந்து திரும்பி, லைல் ஸ்டியரிங்கிலிருந்து ரெண்டு விரலை வணக்கமாக உயர்த்தினார்.

நான் சட்டென்று கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அந்தக் குளிர்காலம் பனி விழுந்த ஒவ்வொரு காலையும் அப்படியேதான். இந்த வருஷமும். அவர் ஒரு தடவையாவது எரிச்சலில் வரப்பை அள்ளிப்போட்டு என்னை உள்ளேயே அடைத்துவிட்டுப் போனால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு இந்தப்பக்கம் நின்று, அவர் வளைவைத் தாண்டும்வரை காத்திருக்கிறேன். இதுவரை ஒரு தடவைகூட நான் திரும்பக் கை காட்டவில்லை.